நிகழ்ச்சி முடியும் வரை முன்வரிசையில்

பிழைப்புக்கு நான் மனு எழுதுகிறவன். கோவில்பட்டியில் தாலுகா அலுவலகம் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடை வாறுகாலை அடைத்துவிட்டான், எதுவானாலும் ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். எந்த அதிகாரிக்கு எந்தச் சொல் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இத்தனை வருஷத்தில் நீ எழுதிய திறமையான வாக்கியம் எது என்று யாராவது கேட்டால், இருபத்தெட்டுப் பிள்ளைகளை ஒரு மேடைக்கு முன்னால் கட்டிப்போட்ட வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கடை நேரம் போக மற்ற நேரமெல்லாம் ரசிகர் மன்றம். பதினாறு வயதில் எங்கள் நாயகனுக்காகக் கொடி பிடித்தவன், நாற்பத்து மூன்று வயதிலும் மன்றச் செயலாளராக இருக்கிறேன். வயதுக்கேற்ற புத்தி வரவில்லை என்று என் மனைவி சொல்லாத நாள் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வட்டார மாநாடு நடத்துவோம். விளாத்திகுளம், புதூர், குளத்தூர் பக்கத்துக் கிளை மன்றங்கள் வேன் பிடித்து வரும். கொடியேற்றம், பேச்சு, பேச்சு முடிந்ததும் ஆடல் பாடல். உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறேன், பாதிக் கூட்டம் அந்த ஆட்டத்துக்குத்தான் வரும். முதல் இரண்டு பாட்டு ஒழுங்காகப் போகும். அப்புறம் ஆடுகிற பெண்களின் உடுப்பு குறையும், அசைவு கூடும், கீழே நிற்கிற ஆண்கள் சட்டையைக் கழற்றிச் சுற்றுவார்கள். குடும்பத்தோடு பார்க்கிற சமாச்சாரம் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

தெரிந்ததால்தான் இரண்டு வருஷமாக போலீசில் அனுமதி தரவில்லை. ஒரு தடவை ஆட்டத்தின் நடுவில் அடிதடியாகி ஒருவன் மண்டை உடைந்துவிட்டது. எங்கள் மன்றத் தலைவர் தீப்பெட்டி வியாபாரம் செய்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆட்டம் இல்லாமல் மாநாடு போட்டால் வெறும் நாற்காலிகளுக்குத்தான் பேச வேண்டியிருக்கும் என்று அங்கலாய்த்தார். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மாநாட்டை 'ஆதரவற்ற குழந்தைகளுக்குப் பள்ளிப் பைகள் வழங்கும் விழா' என்று ஆக்கிவிடலாம் என்றேன். பை கொடுக்கிற விழாவுக்கு எந்தப் போலீஸ்காரர் மாட்டேன் என்பார்?

மனுவை ஒரே மூச்சில் எழுதினேன். கடைசியில், படிக்கிறவருக்குச் சந்தேகமே வரக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன். "நிகழ்ச்சி கண்ணியமான முறையில் நடைபெறும் என்பதற்கு அத்தாட்சியாக, காப்பகக் குழந்தைகள் நிகழ்ச்சி முடியும் வரை முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள் என உறுதியளிக்கிறேன்." எழுதி முடித்து நானே இரண்டு தடவை வாசித்து ரசித்தேன். சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன், பிள்ளைகுட்டிக்காரர். அந்த வரியில் அவர் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு தலையை ஆட்டிவிட்டு அனுமதி கொடுத்தார். தலைவர் அன்று எனக்கு வாங்கிக் கொடுத்த பரோட்டாவுக்குக் கணக்கே இல்லை.

அனுமதி வாங்கிய பிறகுதான் பிள்ளைகளைத் தேடிப் போனேன். முறைப்படி அது முதலில் நடந்திருக்க வேண்டும். குளத்தூர் பக்கம் ஒரு காப்பகம் உண்டு. உப்பள வேலைக்கும் வெளியூருக்கும் போன வீடுகளில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகள், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் என இருபத்தெட்டுப் பேர். மூத்த பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. அங்கே வார்டனாக இருந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்து, அந்த வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவர். அதிகம் பேச மாட்டார்.

நான் போனபோது பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அன்று யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள், அவர் உபயத்தில் சாப்பாடு. இலையில் சோறு போட்டு ரொம்ப நேரமாகியும் ஒரு பிள்ளையும் தொடவில்லை. உபயதாரர் போட்டோ எடுக்க வர வேண்டுமாம். வந்தார், எடுத்தார். வார்டன் அம்மா கையை லேசாக உயர்த்தியதும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோலக் கைதட்டி நன்றி சொன்னார்கள், அப்புறம்தான் சாப்பிட ஆரம்பித்தார்கள். எவ்வளவு நல்ல பழக்கம் என்று நான் பாராட்டினேன். யார் எது கொடுத்தாலும், யார் முன்னால் நின்று எது செய்தாலும், முடிந்ததும் கைதட்ட வேண்டும் என்று பழக்கியிருப்பதாகச் சொன்னார். இல்லாவிட்டால் அடுத்த தடவை வர மாட்டார்களாம். அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை.

பைகள் என்றதும் அவர் முகம் மாறியது. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. போன வருஷம் பாதிப் பிள்ளைகள் துணிக்கடைப் பையில் புத்தகம் கொண்டு போனார்களாம். ஆனாலும் உடனே சரி என்று சொல்லவில்லை. உங்கள் மாநாட்டில் ஆட்டம் உண்டாமே என்று நேராகவே கேட்டார். ஐந்து மணிக்குப் பை கொடுத்துவிடுவோம், ஐந்தரைக்குப் பிள்ளைகள் வேனில் ஏறிவிடுவார்கள், ஆட்டம் ஏழு மணிக்குத்தான், அதற்குள் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றேன். மனுவில் எழுதிய வரி அப்போது ஞாபகம் வந்தது. அது போலீசுக்காக எழுதியது, யார் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க வார்த்தைய நம்பித்தான் கூட்டிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றார்.

மாநாட்டு நாள் காலையில் என் மகள் தானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். அவளுக்குப் பத்து வயது. நாயகன் படம் வந்தால் எனக்கு முன்னால் கிளம்பி நிற்கிறவள். பிள்ளைகளுக்குப் பை கொடுக்கிற விழாதானே, நானும் ஒரு பை எடுத்துக் கொடுக்கிறேன் என்றாள். அங்கே கூட்டமும் வெயிலும் ஜாஸ்தி, பொம்பளைப் பிள்ளை வருகிற இடம் இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

விளாத்திகுளம் ரோட்டில், மிளகாய் எடுத்து முடித்துச் சும்மா கிடந்த ஒரு கரிசல் புஞ்சையில் மேடை போட்டிருந்தோம். வைகாசி வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாற்காலி போட்டால் ஒரு கால் வெடிப்புக்குள் இறங்கிவிடும். மேடைக்கு நேர் கீழே இரண்டு வரிசை பிள்ளைகளுக்கு. இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு கட்டித் தடுப்பு, பின்னால் முழுக்க ஆண்கள். பிள்ளைகள் நாலரைக்கே வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் மன்றத்தின் மஞ்சள் பனியனை மாட்டிவிட்டோம். முன்னால் நாயகன் முகம், முதுகில் நான் எழுதிய வாசகம்: 'அண்ணன் இருக்கிறார், கவலை எதற்கு?' சின்னப் பிள்ளைகளுக்கு அது முழங்கால் வரை தொங்கியது.

பைகளை மன்றத்தின் மாவட்டப் பொறுப்பாளர் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு அந்த ஆள் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். ஐந்தரைக்கும் அங்கேதான் இருந்தார். மைக்கைப் பிடித்து, இதோ வந்துகொண்டிருக்கிறார், எட்டயபுரத்தைத் தாண்டிவிட்டார் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். ஆறு மணி ஆனதும் கூட்டம் பொறுமை இழந்தது. தண்ணீர்ப் பாக்கெட்டுகள் மேடைக்கு வந்து விழுந்தன. நாற்காலியைத் தூக்கித் தட்டுகிற சத்தம் கேட்டது. ஆட்டத்தைத் தொடங்கச் சொல், இல்லையென்றால் மேடை மிஞ்சாது என்றார் தலைவர்.

பிள்ளைகளை முதலில் அனுப்பிவிடுவோம் அண்ணாச்சி என்றேன். பையே கொடுக்காமல் அனுப்பினால் போட்டோவுக்கு எங்கே போவது என்று கேட்டார். நான் ரோட்டோரம் நின்ற சப்-இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். பிள்ளைகளுக்கு நேரமாகிறது, வேன் வெளியே போக, வழியை அடைத்து நிற்கிற பைக்குகளை எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தார். என் எழுத்து எனக்குத் தெரியாதா.

"இது நீங்க எழுதினதுதானே? இந்த வரிக்காகத்தான் நான் கையெழுத்தே போட்டேன். பிள்ளைய முன்னால இருக்குதவரைக்கும் இவனுவ அளவோட ஆடுவானுவ. பிள்ளைய போச்சுன்னா நிகழ்ச்சியும் போச்சு, நான் கரண்டப் புடுங்கிருவேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. நான் எழுதியதை அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். மேற்கொண்டு பேச வாய் திறப்பதற்குள், ரோட்டில் இரண்டு பேர் பைக் இடித்ததற்குக் கட்டிப் புரள, அவர் அங்கே போய்விட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது தவளை இல்லை.

மேடைக்குத் திரும்பி வந்து, மைக்கில் முதல் பாட்டை அறிவித்தேன்.

முதல் பாட்டு சாமி பாட்டு, அது எங்கும் உள்ள வழக்கம். இரண்டாவது நாயகன் பாட்டு. பிள்ளைகளுக்கு அது மனப்பாடம், கூடவே பாடினார்கள், எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவது பாட்டில் ஆட்டக்காரப் பெண்கள் உடை மாற்றி வந்தார்கள். அதை நான் விவரிக்கப் போவதில்லை. ரோட்டோரத்திலிருந்து சப்-இன்ஸ்பெக்டருக்கு மேடை தெரியாது. பின்னால் விசில் பறந்தது. ஒருவன் என்ன செய்ய வேண்டும் என்று ஆடுகிறவளுக்கு உரக்கக் கத்திச் சொன்னான். முன்வரிசையில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான், பெரிய பெண் பிள்ளைகள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சின்னதுகளுக்கு ஒன்றும் புரியவில்லை, வாயைத் திறந்துகொண்டு பார்த்தன. பாட்டு முடிந்தது. முடிந்ததும் அத்தனை பிள்ளைகளும், தலையைக் குனிந்திருந்த அந்த இரண்டு பேரும்கூட, நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்றுபோலக் கைதட்டினார்கள்.

பிறந்தநாள் சாப்பாட்டுக்குத் தட்டிய அதே தட்டல். கூட்டத்தில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆட வந்த பெண் ஒருத்தி அப்போதுதான் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனித்திருப்பாள் போல. மேல் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையின் பின்பக்கம் போனவள், அடுத்த பாட்டுக்கு வரவில்லை. வேறு இரண்டு பேர் வந்தார்கள்.

வார்டன் அம்மா எழுந்து மேடையோரம் வந்தார். நான் குனிந்தேன். பாட்டுச் சத்தத்தில் அவர் வாய் என் காதுக்குப் பக்கத்தில் வர வேண்டியிருந்தது.

"நீங்க மைக்குல ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி. வழி விடுங்க, பிள்ளைய போகுதுன்னு சொன்னா விலகிருவாங்க. பை வேண்டாம். இந்தக் கூட்டத்துக்குள்ள நானா எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?"

அவர் கேட்டது அவ்வளவுதான். குடித்துவிட்டு நிற்கிற ஆண்களுக்கு நடுவே ஆறு வயசுப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போக முடியாது. சொல்லிவிட்டால் வழி கிடைக்கும். மைக் என் கையில் இருந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் கரண்டைப் பிடுங்கியிருப்பார். கூட்டம் நாற்காலிகளை உடைத்திருக்கும். தலைவர் என்னை மன்றத்திலிருந்து நீக்கியிருப்பார், இருபத்தேழு வருஷம் ஒரே நாளில் போயிருக்கும். இதெல்லாம் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் எழுத்தும் என் வாக்கும் வழியை மறித்துக்கொண்டு நின்றன.

"இன்னும் பத்து நிமிஷம் வார்டனம்மா. பொறுப்பாளர் வந்துருவாவ" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"உங்களுக்குப் பிள்ள இருக்குல்லா. அது எங்கன இருக்கு?"

"வீட்டுல."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முதல் வரிசையின் ஓரத்தில் இருந்த பிள்ளையை எழுப்பினார். வெடிப்புக்குள் இறங்கியிருந்த நாற்காலிக் காலை ஆட்டி இழுத்து எடுத்து, மேடைக்கு முதுகு காட்டுகிற மாதிரி திருப்பிப் போட்டு, பிள்ளையை அதில் உட்கார வைத்தார். அடுத்த நாற்காலி. அதற்கடுத்தது. நாலாவது பிள்ளை தானே எழுந்து தன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டது. ஒரு ஆடு திரும்பினால் கிடை முழுக்கத் திரும்பும் என்பது அவர் பிறந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளைத் தூக்கினார்கள். பாட்டு ஒன்று முடிவதற்குள் இருபத்தெட்டுப் பேரும் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள்.

மனுவில் எழுதியபடி அவர்கள் முன்வரிசையில்தான் இருந்தார்கள்.

அம்மா அவர்களுக்கு எதிரே, கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றார். பிள்ளைகளின் தலை ஒரே தாளத்தில் அசைய ஆரம்பித்தது. வாய்ப்பாடு சொல்ல வைக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஸ்பீக்கர் சத்தத்தில் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. பதினாறாம் வாய்ப்பாடாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். மேடையிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் மஞ்சள் முதுகுகள். அண்ணன் இருக்கிறார், கவலை எதற்கு? இருபத்தெட்டுத் தடவை வாசித்தேன்.

கூட்டத்துக்குத் தெரிந்தது வேறு. ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் இப்போது அவர்கள் அந்த முகங்களுக்கு மேலாகத்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகள் அவர்களையே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தார்கள். சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்த ஒருவன் அதை மாட்டிக்கொண்டு பித்தானைப் போட்டான். கத்திக்கொண்டிருந்தவன் கத்துவதை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தான். முன்னால் நின்ற சிலர் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பின்னால் விசில் நிற்கவில்லை. ஆனால் முன்னால் இருந்த முப்பது நாற்பது ஆண்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எனக்கும்தான். அடுத்த பாட்டு, அடுத்த பாட்டு என்று அறிவித்துக்கொண்டே இருந்தேன். எந்தப் பாட்டு முடிந்தபோதும் பிள்ளைகள் கைதட்டவில்லை.

பொறுப்பாளர் எட்டு மணிக்கு முன்னால் வந்து சேர்ந்தார். ஆட்டம் நின்றது. நாற்காலிகளை நேராகத் திருப்பச் சொன்னோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறிப் பை வாங்கினார்கள், நன்றி சொன்னார்கள், போட்டோவுக்குச் சிரித்தார்கள். ஒரு சின்னப் பெண் என்னிடமும் வந்து நன்றி அண்ணாச்சி என்றாள். வார்டன் அம்மா எல்லாருக்கும் பொதுவாகக் கும்பிட்டார், என் பக்கம் பார்க்கவில்லை. பை வாங்கிய பிறகு பிள்ளைகள் போவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பொறுப்பாளரின் காருக்காக ஒதுக்கிய வழியிலேயே அவர்கள் வேனும் வெளியே போனது. பதினைந்து அடி அகலத்துக்கு அவ்வளவு சுலபமாக வழி கிடைத்தது.

மறுநாள் காலையில் தலைவர் போன் பண்ணினார். இனி வருஷா வருஷம் இதே மாதிரி செய்துவிடுவோம், அந்த மனுவைக் கம்ப்யூட்டரிலேயே வைத்திரு, தேதியை மாற்றினால் போதும் என்றார். சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. சாயங்காலம் கடையில் அந்தக் கோப்பை அழித்தேன். அழித்தால் என்ன, வேண்டுமென்றால் பத்து நிமிஷத்தில் திரும்ப எழுதிவிடுவேன்.

அன்று காலையிலேயே மன்ற வாட்ஸ்அப் குழுவில் போட்டோக்கள் வந்துவிட்டன. என் போனை எடுத்து மகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் எவ்வளவு என்று காட்டுவதற்காகப் போட்டோக்காரர் மேடையின் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று. ஆடுகிறவர்கள் அதில் இல்லை, அவர்களை ஒதுக்கித்தான் எடுத்திருந்தார். ஓரத்தில் நான் நிற்கிறேன், கீழே வரிசையாக மஞ்சள் முதுகுகள், அதற்கப்பால் கடல் மாதிரி ஆண்கள்.

"ஏம்ப்பா, இவங்க எல்லாரும் மேடையப் பாக்காமத் திரும்பி உட்கார்ந்திருக்காங்க?"

மேடை லைட்டு கண்ணில் அடித்தது, அதனால் என்று சொன்னேன். வாயைத் திறந்தால் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது.

அவள் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"அப்ப லைட்ட அணைங்கன்னு நீங்க சொல்லியிருக்கலாம்லா" என்றாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி என் பக்கம் திருப்பினாள். "மைக்கு உங்க கையிலதான இருக்கு."